20 நிமிடத்தில் 1,500 மீட்டர் நீந்தும் பிள்ளை கடலில் 10 கிலோமீட்டர் போகலாமா?

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது: "என் மகளுக்கு 14 வயது. 50 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டரை 20 நிமிடத்தில் முடிக்கிறாள். 2025 ஜூலையில் செந்தோசாவில் நடந்த உலகப் போட்டியைப் பார்த்ததிலிருந்து கடலில் 10 கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தப் போட்டியையே தண்ணீர் சுத்தமில்லை என்று தள்ளிவைத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் பயம். நம்மவர்கள் யாரும் இந்த விளையாட்டில் இருப்பதாகவும் தெரியவில்லை. விடலாமா?"

விடுங்கள் சகோதரி, நீந்தட்டும். ஆனால் 10 கிலோமீட்டர் இப்போது வேண்டாம். இருபது வருடமாகச் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் செந்தோசாவிலும் நீந்துகிறேன். பத்து வருடமாக வார இறுதிகளில் பிள்ளைகளைக் கடலுக்குப் பழக்குகிறேன். அந்த அனுபவத்தில் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 20 நிமிடம். அது நல்ல நேரம், சந்தேகமே இல்லை. 100 மீட்டருக்கு 80 வினாடி. அதே வேகத்தில் போனால் 10 கிலோமீட்டருக்கு 2 மணி 13 நிமிடம் ஆகும். செந்தோசாவில் பெண்கள் 10 கிலோமீட்டரில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் மொயிஷா ஜான்சன் எடுத்துக்கொண்டது 2 மணி 7 நிமிடம் 51 வினாடி. ஆறு நிமிடம்தானே வித்தியாசம், இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்தால் போதுமே என்று தோன்றும். என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

குளத்தில் 1,500 மீட்டர் நீந்தும்போது உங்கள் மகள் 29 முறை சுவரை உதைத்துத் திரும்புகிறாள். ஒவ்வோர் உதைக்கும் சில மீட்டர் சும்மா கிடைக்கிறது, கைக்கும் தோளுக்கும் நொடி நேர ஓய்வும் கிடைக்கிறது. கடலில் சுவர் கிடையாது. தோள் இரண்டு மணி நேரமும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், 20 நிமிடம் தாங்கும் வேகம் வேறு, இரண்டு மணி நேரம் தாங்கும் வேகம் வேறு. இதைவிட முக்கியமாக, 10 கிலோமீட்டர்ப் போட்டியை யாரும் ஒரே வேகத்தில் நீந்துவதில்லை. முன்வரிசைக்காரர்கள் முதல் பாதியில் கூட்டத்தோடு அடங்கிப் போவார்கள். கடைசிச் சுற்றில்தான் உண்மையான வேகம் தெரியும். இரண்டு மணி நேரம் களைத்த பிறகு அந்த வேகத்தைக் கொண்டுவர முடிகிறவர்தான் வெல்கிறார். நேரத்தை நேரத்தோடு ஒப்பிடுவதே இங்கே சரிப்படாது. நீரோட்டமும் அலையும் இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும் என்பதால் கடல் நீச்சலில் உலகச் சாதனை நேரம் என்று ஒன்றே வைத்துக்கொள்வதில்லை. யாரை முந்தினாய் என்பதுதான் கணக்கு.

தோக்கியோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் சான்டல் லியூ 10 கிலோமீட்டர் நீந்தினார். இந்த நாட்டிலிருந்து கடல் நீச்சலுக்காக ஒலிம்பிக் போன முதல் ஆள் அவர். 23-ஆவதாக வந்தார். பட்டியலில் பார்த்தால் சின்ன எண்ணாகத் தெரியாது. ஆனால் உலகத்திலிருந்து பொறுக்கியெடுத்த 25 பெண்கள் மட்டுமே அந்தத் தண்ணீரில் இறங்க முடிந்தது என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம். குளத்தில் அடியில் கறுப்புக் கோடு ஓடுகிறது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே போகிறாள். ஈஸ்ட் கோஸ்ட்டில் முகத்தை உள்ளே வைத்தால் ஒரே கலங்கல் பச்சை. கையை நீட்டினால் விரல் நுனி தெரியாது. குளத்தில் மீன்போல நீந்தும் பிள்ளைகள் இங்கே முதல் நாள் பத்து மீட்டரில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மூச்சு மேலே மேலே வாங்கும். கீழே என்ன இருக்கிறதோ என்ற நினைப்பு. இதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை, உடம்பின் இயல்பு அது. அதனால் முதல் மூன்று வாரம் நான் தூரமே கொடுப்பதில்லை. நெஞ்சளவு தண்ணீரில் முகத்தை வைத்து 'ம்ம்ம்' என்று ஓசை வர மூச்சை விடச் சொல்வேன். மல்லாந்து மிதக்கச் சொல்வேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் கரைக்கு ஓடாமல், மிதந்தபடியே கழற்றி மாட்டச் சொல்வேன். இது மூன்றும் கைவந்த பிள்ளைதான் அடுத்த கட்டம்.

அடுத்த கட்டம் சைட்டிங், அதாவது போகும் திசையைப் பார்ப்பது. கோடு இல்லாத இடத்தில் எல்லாரும் கோணலாகத்தான் போவார்கள். ஒரு கை இன்னொரு கையைவிட வலுவாக இருப்பதால் தானாகவே ஒரு பக்கம் வளைந்துவிடும். அதனால் எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். நிமிர்வது என்றால் தலையைத் தூக்குவதில்லை. தலை தூக்கினால் இடுப்பு தாழும், வேகம் செத்துவிடும். முதலை பார்ப்பதுபோலக் கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வர வேண்டும், வாய் உள்ளேயே இருக்க வேண்டும். மூச்சைப் பக்கவாட்டில் திரும்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பாதையைக் காட்டும் மிதவை சின்னது, சிற்றலை எழுந்தாலே மறைந்துவிடும். அதனால் அதற்குப் பின்னால் கரையில் உயரமாக நிற்கும் ஒன்றைக் குறி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டடம், ஒரு விளக்குக் கம்பம், எதுவானாலும் அசையாததாக இருக்கட்டும்.

நங்கூரம் போட்ட கப்பலைக் குறியாக வைக்காதே என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்வேன். ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நின்றால் வரிசையாகக் கப்பல்கள் நிற்பது தெரியும் அல்லவா? அவை நின்றாலும் திரும்பிக்கொண்டே இருக்கும். நங்கூரச் சங்கிலி மூக்குப் பக்கம் இருப்பதால் ஓட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். காற்றும் கொஞ்சம் தள்ளும்தான், ஆனால் நம் நீரிணையில் பெரும்பாலும் ஓட்டத்தின் கைதான் ஓங்கியிருக்கும். குறிக்கு உதவாத அதே கப்பல்தான் ஓட்டத்தைப் படிக்க மிக நல்ல பலகை. எல்லாக் கப்பலும் கிழக்கே மூக்கை நீட்டியிருந்தால் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. ஒன்றிரண்டு கப்பல் ஒரு பக்கமும் மற்றவை வேறு பக்கமுமாகக் குழம்பி நின்றால் ஓட்டம் மாறப்போகிறது. கடலில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று இதைப் பார்க்காத நாள் எனக்கு இல்லை. எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக் கடலோடிகள் இந்த ஓட்டத்தை நீவாடு என்பார்கள். வலையை எங்கே போடுவது என்று தீர்மானிக்கிறவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டால் பிழைப்பே இல்லை.

இதை நான் கற்றது ஒரு போட்டியில். கரைக்கு இணையாக மிதவையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தேன். கை நன்றாகப் போகிறது, மூச்சு சீராக இருக்கிறது. மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம் கரையில் ஒரு தென்னைமரம் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்தும் அதே தென்னை. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த வயதான சீன அங்கிள் ஒருவர் கையைக் காட்டி, உள்ளே வா, கரைப்பக்கம் வா என்றார். முப்பது மீட்டர் கரையை ஒட்டி நகர்ந்ததும் மரம் பின்னால் போகத் தொடங்கியது. ஆழம் குறைந்த இடத்தில் ஓட்டத்தின் வேகம் குறைவு. அந்த மனிதர் என்னைவிட மெதுவாக நீந்துகிறவர், எனக்கு வெகு நேரம் முன்பே முடித்துவிட்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

கூட்டம் இன்னொரு பாடம். குளத்தில் ஆளுக்கொரு பாதை. கடலில் அறுபது பேர் ஒரே நேரத்தில் ஒரே மிதவைக்குப் பாய்வார்கள். முதல் மிதவையில் முழங்கை முகத்தில் படும், கண்ணாடி கழன்றுபோகும், யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். செந்தோசாவில் இத்தாலியின் கிரெகோரியோ பல்த்ரினியேரி 10 கிலோமீட்டரில் விரல் எலும்பு முறிந்த நிலையிலும் வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஜெர்மனியின் ஃபுளோரியான் வெல்புரோக்குக்கும் அவருக்கும் நடுவே நான்கு வினாடிகூட இல்லை. இதே கூட்டத்தால் நன்மையும் உண்டு. முன்னால் போகிறவரின் பாதத்தை ஒட்டியோ, இடுப்புக்குப் பக்கத்திலோ நீந்தினால் அவர் கிழித்த தண்ணீரில் நாம் இழுபட்டுப் போகலாம். டிராஃப்டிங் என்பார்கள். சைக்கிள் பந்தயத்தில் பின்னால் ஒட்டிப் போவதுபோலத்தான். விதிப்படி இதற்குத் தடையில்லை. ஆனால் பாதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் முன்னால் இருப்பவருக்கு எரிச்சல் வரும், ஒரு உதை விழும். தொடாமல் குமிழியை மட்டும் பார்த்துப் பின்தொடர்வதை மாதக்கணக்கில் பழக வேண்டும்.

வேண்டுமென்றே இடித்தால் நடுவர் மஞ்சள் கொடி காட்டுவார், மறுபடி செய்தால் சிவப்புக் கொடி, வெளியே போக வேண்டியதுதான். ரியோ ஒலிம்பிக்கில், 2016-இல், பிரான்சின் ஒரேலி முல்லர் இரண்டாவதாக வந்தும் முடிவுப் பலகையைத் தொடும்போது இத்தாலியின் ரக்கேலே புரூனியை மறித்தார் என்று தகுதி இழந்தார். வெள்ளி புரூனிக்குப் போனது. அதே ரியோவில் ஆண்கள் போட்டி முடிந்ததும் நெதர்லாந்தின் ஃபெரி வீர்ட்மனுக்கும் கிரேக்கத்தின் ஸ்பைரோஸ் ஜியானியோடிஸுக்கும் ஒரே நேரம் பதிவானது. 10 கிலோமீட்டர் நீந்தி ஒரே நேரம்! தலைக்கு மேலே தொங்கும் பலகையைக் கையால் தொட்டால்தான் முடிந்ததாகக் கணக்கு. படத்தைப் பார்த்து, வீர்ட்மனின் கைதான் முதலில் பட்டது என்று அவருக்குத் தங்கம் கொடுத்தார்கள். நான் பிள்ளைகளுக்குக் கடைசி 50 மீட்டரைத் தனியாகப் பழக்குவதற்கு இந்தப் போட்டிதான் காரணம்.

காலைப் பற்றி ஒரு வார்த்தை. குளத்தில் பழகிய பிள்ளைகள் காலை அடித்து அடித்துக் களைத்துவிடுவார்கள். கடலில் இரண்டு கைக்கு இரண்டு உதை போதும், உடம்பைச் சமமாக வைக்க மட்டும்தான் கால். உப்புத் தண்ணீரும் தூக்கிக் கொடுக்கும். 2008-இல் பெய்ஜிங்கில் இந்தப் போட்டி முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது, தென்னாப்பிரிக்காவின் நத்தாலி டு டாய் ஒரு காலை விபத்தில் இழந்தவர், அதே போட்டியில் மற்றவர்களோடு நீந்தி 16-ஆவதாக வந்தார். அந்த ஆண்டு ஆண்கள் தங்கம் வென்ற மார்ட்டன் வான் டெர் வெய்டன் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்.

இனிதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. சிங்கப்பூர்க் கடலில் நீங்கள் பயப்பட வேண்டியது மீனுக்கோ அலைக்கோ இல்லை. வெப்பத்துக்கு. ஐரோப்பாவில் இந்த விளையாட்டுக்காரர்கள் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். இணையத்தில் படிக்கும் அறிவுரையில் பெரும்பகுதி குளிருக்கு எழுதியது. நமக்கு அது உதவாது. நம் கடல் ஆண்டு முழுவதும் 28 முதல் 31 பாகை வரை இருக்கும். தசை வேலை செய்யும்போது எரியும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வருகிறது. ஓடுகிறவனுக்கு வேர்வை காய்ந்து உடம்பு குளிரும். தண்ணீருக்குள் வேர்வை காயாது. சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவே வெதுவெதுப்பாக இருந்தால் சூடு எங்கே போகும்? உள்ளேயே ஏறும். தண்ணீரில் இருப்பதால் வேர்ப்பதும் தெரியாது, தாகமும் தெரியாது.

2010 அக்டோபர் 23-ஆம் தேதி ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கிண்ணப் போட்டி. அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பென், 26 வயது, உலகத் தரத்து வீரர். வெந்நீர்போன்ற கடல். போட்டி முடிந்து கரையேறிய பிறகுதான் அவர் வரவில்லை என்பதைக் கூட நீந்தியவர்கள் கவனித்தார்கள். அவர்களே மறுபடி தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். உயிரோடு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த விதிப்படி தண்ணீர் 31 பாகையைத் தாண்டினால் போட்டி நடத்தக் கூடாது, 16-க்குக் கீழே போனாலும் கூடாது. நாம் அந்த மேல் எல்லைக்கு ஒட்டிய ஊரில் நீந்துகிறோம் என்பதை மறக்கவே கூடாது.

எனக்கே நடந்தது ஒன்று. உள்ளூர்ப் போட்டி, ஏற்பாட்டாளர் யார் என்பது இங்கே வேண்டாம். காலை ஏழரைக்குத் தொடங்க வேண்டியது இழுத்து இழுத்து ஒன்பதரை ஆகிவிட்டது. தண்ணீர் கொடுக்கும் படகு ஒன்றுதான். ஒன்றரை மணி நேரம் போனதும் எனக்குத் திடீரென்று மயிர்க்கூச்செறிந்தது. தோளெல்லாம் சில்லென்று இருந்தது. நல்ல வேளை, தண்ணீர் குளிர ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கயாக்கில் வந்த தன்னார்வலப் பெண் என் கைவீச்சு கோணுவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து, உங்கள் வீட்டு புளோக் நம்பர் என்ன என்று கேட்டார். நான் தயங்காமல் பதில் சொன்னேன். பத்து வருடத்துக்கு முன் குடியிருந்த வீட்டு எண்ணைச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி பிறகு சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தப் பெண் அதோடு விடாமல், எந்த மாடி என்றும் கேட்டாராம். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்னை மேலே ஏற்றிவிட்டார். அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். வெந்நீர்க் கடலில் சிலிர்க்கிறது என்றால் உடம்பு அபாயத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மகளுக்கு இந்த ஒன்றை மட்டும் மனப்பாடமாக்கிவிடுங்கள்: சிலிர்த்தால், தலை லேசானால், எங்கே இருக்கிறோம் என்று குழம்பினால் கையைத் தூக்கி ஆட்டி மல்லாந்து மிதக்க வேண்டும். பதக்கம் இன்னொரு நாள் வரும்.

இதனால்தான் நான் காலை ஒன்பதுக்கு மேல் யாரையும் தண்ணீரில் வைத்திருப்பதில்லை. முந்தின நாளிலிருந்தே குடிக்க வேண்டும். நீந்தும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய். பெரிய போட்டிகளில் மிதக்கும் மேடையில் பயிற்றுநர்கள் நின்று நீண்ட கோலின் முனையில் குவளையை வைத்து நீட்டுவார்கள். தூண்டில் போடுவதுபோல இருக்கும். நீந்துகிறவர் புரண்டு, குவளையை எடுத்து, முதுகில் கிடந்தபடி ஊற்றிக்கொண்டு, தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். எல்லாம் ஐந்து வினாடி. அங்கே தடுமாறினால் கூட்டம் இருபது மீட்டர் போய்விடும். நாங்கள் வார இறுதியில் ஒரு பாட்டிலில் கயிறு கட்டிக் கயாக்கிலிருந்து எறிந்து இதைப் பழகுகிறோம். உள்ளே என்ன என்று கேட்பீர்கள். சிலர் கடையில் விற்கும் பொடி கலப்பார்கள், சிலர் 100 பிளஸ் பானத்தைக் குலுக்கிக் காற்றைப் போக்கிவிட்டுக் கொண்டுவருவார்கள். எனக்குப் பிடித்தது நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஐஸ் வைத்துக் குளிர்த்தியது. உப்புத் தண்ணீரில் வாய் புண்ணாகியிருக்கும்போது இனிப்புப் பானத்தைவிடக் கஞ்சிதான் இறங்குகிறது. எதுவானாலும் போட்டி நாளில் புதிதாக எதையும் குடிக்கக் கூடாது.

தண்ணீர்ச் சுத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025-இல் ஜூலை 15-ஆம் தேதி நடக்கவேண்டிய பெண்கள் 10 கிலோமீட்டர்ப் போட்டியை, தண்ணீர்ச் சோதனையில் கிருமி அளவு வரம்பைத் தாண்டியதால் மறுநாளுக்குத் தள்ளினார்கள். எனக்கு அது பயத்தைவிட நம்பிக்கையைத்தான் கொடுத்தது. தொலைக்காட்சி, விருந்தினர், அட்டவணை எல்லாம் இருந்தும் நிறுத்தினார்கள் அல்லவா? அப்படித்தான் இருக்க வேண்டும். நம் கடற்கரைகளின் தண்ணீரைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் தொடர்ந்து சோதித்துத் தரம் பிரித்து வெளியிடுகிறது. போகும் முன் பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் நான் கடலில் இறங்குவதில்லை. ஊர்க் கால்வாயெல்லாம் அங்கேதான் வந்து கொட்டுகிறது. கால்வாய் வாய்க்குப் பக்கத்தில் எந்த நாளும் நீந்துவதில்லை. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகளில் யாரும் இறங்க முடியவில்லை. அந்த வாரங்களில் நாங்கள் குளத்துக்குத் திரும்பிவிட்டோம்.

மின்னலுக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. தேசிய சேவை செய்த அப்பாவோ அண்ணனோ வீட்டில் இருந்தால் மின்னல் அபாய எச்சரிக்கையான 'கேட் ஒன்' என்றால் என்ன என்று சொல்வார்கள். அந்தச் சொல் கேட்டதும் எல்லாரும் கரைக்கு. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து வரும் புயற்காற்று அரை மணி நேரத்தில் கண்ணாடிபோன்ற கடலைக் கொந்தளிக்க வைத்துவிடும். மேற்கே அடிவானம் கறுத்தால் இறங்காதீர்கள். ஜெல்லிமீன் சில சமயம் வரும், பெட்டி ஜெல்லி என்ற கொடிய வகையும் செந்தோசாப் பக்கம் தென்பட்டு நீச்சலை நிறுத்தியிருக்கிறார்கள். பையில் ஒரு பாட்டில் வினிகர் வைத்திருங்கள். கொட்டினால் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே உதவி கேளுங்கள். தனியாக நீந்துவது எந்த வயதிலும் கூடாது. பளிச்சென்ற தொப்பியும், இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு மிதவைப் பையும் இல்லாமல் என்னோடு யாரையும் இறக்கமாட்டேன்.

நம்மவர்கள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது என் மனத்தைத் தொட்ட வரி. 1954-இல் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி என்ற தமிழர் பாக்கு நீரிணையை நீந்தி, 27 மணி நேரத்தில் கோடிக்கரையில் ஏறினார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையை இந்தியாவுக்குப் போய் மறுபடி இலங்கைக்குத் திரும்புவதாக 51 மணி நேரம் நீந்தினார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது தண்ணீரிலேயே உயிர்விட்டார். தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் 1994-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்கு 12 வயது. அந்த ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, மிஹிர் சென் 1966-இல் ஐந்து நீந்திய சாதனையை முறியடித்தார். சிங்கப்பூரர்களில் ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்தியவர் பிங் ஜின் தும், 2005-இல். இவர்கள் செய்தது தனி ஆளாகக் கடலைக் கடப்பது. உங்கள் மகள் பார்த்தது கூட்டத்தோடு போட்டி போடுவது. இரண்டும் வேறு விளையாட்டு, ஆனால் தண்ணீர் ஒன்றுதான். பிள்ளைக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். நான் சொல்லும்போது பல தமிழ்ப் பிள்ளைகள் முதல் முறையாகக் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் மகள் இனி என்ன செய்யலாம்? உலக இளையர் போட்டியில் 14, 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைப்பது 5 கிலோமீட்டர். 16, 17 வயதில் ஏழரை. 18, 19 வயதில்தான் 10. யோசித்து வைத்த வரிசை அது, தோளும் எலும்பும் வளரும் வயதில் அவசரப்படுத்தக் கூடாது. இந்த ஆண்டு குளத்துப் பயிற்சியை விடாமல், வாரம் ஒருமுறை மட்டும் கடல். முதலில் 750 மீட்டர்ப் போட்டி ஒன்று, பிறகு ஒன்றரை கிலோமீட்டர், அது சுகமாக இருந்தால் ஆண்டுக் கடைசியில் 3. செந்தோசாவில் புதிதாகச் சேர்த்த 3 கிலோமீட்டர் வெளியேற்றுப் போட்டியைப் பார்த்திருப்பாள்: 1,500 நீந்தி, தப்பியவர்கள் 1,000, அதிலும் தப்பிய பத்துப் பேர் 500. வேகம் இருக்கும் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி, அவளுடைய 1,500 மீட்டர் வேகம் அங்கே நேரடியாக உதவும். ஜப்பானின் இச்சிகா கஜிமோட்டோ அதில் தங்கம் வென்றதை அவள் பார்க்காமல் இருந்திருந்தால் காணொளியைத் தேடிக் காட்டுங்கள்.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது பதக்கக் கதையைக் கேட்காதீர்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை கயாக், மின்னல் வந்தால் என்ன செய்வீர்கள், இதுவரை எத்தனை முறை பயிற்சியை ரத்து செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒருமுறைகூட இல்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம், நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நம் வீடுகளில் இது வரும் என்பதால் சொல்கிறேன்: பிள்ளை கறுத்துவிடுவாள் என்று பாட்டியோ சித்தியோ சொன்னால், அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குக் களிம்பு தடவுவது தோல் எரியாமல் இருக்க. கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவுவது உப்பும் துணியும் உரசிப் புண்ணாகாமல் இருக்க. நிறத்துக்காக ஒரு நல்ல நீச்சல்காரி கடலை விட்டதை நான் பார்த்திருக்கிறேன், இன்னும் ஆறவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளை ஈஸ்ட் கோஸ்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். நீச்சல் உடை வேண்டாம். கரையில் நின்று கப்பல்களைக் காட்டி, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டு, அவள் சொன்னது சரியா என்று இரண்டு பேரும் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நான்கு சனிக்கிழமை இதைச் சலிக்காமல் செய்தாள் என்றால், ஐந்தாவது சனிக்கிழமை நீச்சல் உடையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.